கோபம் யார் மேல்? ஐரிஷ் மொழி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோபத்தைப் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஐரிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ‘ஃபரக்’, ‘ஃபரகஹ்’ என்று வரும் இடங்களில் ககரத்தை ‘தங்கம்’ என்பதில் சொல்வதைப் போல அழுத்தாமல் சொல்லுங்கள். கடைசியில் வரும் ஹகரம் தொண்டையில் காற்று உரசி வெளியே வரும் ஒலி.

அக்கா, நாங்கள் டப்ளினில் இருக்கிறோம். மகள் ஆரம்பப் பள்ளியில் கடைசி வகுப்பு. ஐரிஷ் வீட்டுப்பாடத்தில் ‘எனக்குக் கோபம்’ என்பதற்கு ‘தா மே ஃபரகஹ்’ என்று எழுதினாள். ஆசிரியை அதை அடித்துவிட்டு ‘தா ஃபரக் ஒரம்’ என்று திருத்தியிருக்கிறார். அகராதியில் ‘ஒரம்’ என்றால் ‘என் மேல்’ என்று இருக்கிறது. “என் மேல் யாருக்கும்மா கோபம்?” என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்ல?

உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. அதை அவளிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலில் அவள் எழுதியது. ‘ஃபரகஹ்’ என்பது பெயரடை. கோபமுள்ள, சினம் கொண்ட என்று பொருள். ‘தா மே ஃபரகஹ்’ என்றால் ‘நான் கோபமாக இருக்கிறேன்’. இலக்கணப்படி இதில் பிழை இல்லை. நானாக இருந்தால் அடித்திருக்க மாட்டேன். பக்கத்தில் இன்னொரு வாக்கியத்தை எழுதிக் காட்டியிருப்பேன். ஆனாலும் ஆசிரியை சொல்ல வருவது சரிதான். ஐரிஷ் வீட்டுமொழியாக இருப்பவர்கள், தங்களுக்கு இப்போது வந்திருக்கும் கோபத்தைச் சொல்லப் பெரும்பாலும் பெயரடையைத் தேடிப் போவதில்லை. ‘ஃபரக்’ என்ற பெயர்ச்சொல்லையே எடுக்கிறார்கள். ‘தா ஃபரக் ஒரம்’: கோபம் என் மேல் இருக்கிறது. ஆங்கிலத்தில் யோசித்து ஐரிஷில் எழுதும் வழக்கத்தை இங்கே ‘பேர்லஹஸ்’ என்பார்கள். ஆசிரியைகள் சிவப்பு மையை எடுப்பது பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான்.

இப்போது மகளின் கேள்வி. தமிழில் ‘என் மேல் கோபம்’ என்றால் கோபப்படுபவர் வேறு ஆள், நான் அதை வாங்குகிறவள். ஐரிஷில் அப்படியே தலைகீழ். யார் ‘மேல்’ கோபம் இருக்கிறதோ அவர்தான் கோபப்படுகிறவர். அதனால் ‘ஒரம்’ என்பதை ‘என் மேல்’ என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். ‘எனக்கு’ என்று சொல்லிக்கொடுங்கள். தா ஃபரக் ஒரம்: எனக்குக் கோபம். தா ஒக்ரஸ் ஒரம்: எனக்குப் பசி. தா தார்த் ஒரம்: எனக்குத் தாகம். தா ஸ்லைதான் ஒரம்: எனக்குச் சளி. தா ப்ரோன் ஒரம்: எனக்கு வருத்தம், மன்னிப்புக் கேட்கவும் இதையே சொல்வார்கள். உடலுக்கோ மனதுக்கோ வரும் இப்படிப்பட்டவற்றுக்கு நாம் ‘எனக்கு’ போடும் இடத்தில் அவர்கள் ‘ஒரம்’ போடுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வசதி! வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஆங்கிலத்தின் ‘நான்’ என்பதை விட்டு வெளியே வரத் திணறும்போது, உங்கள் மகள் நேராக இதற்குள் போய்விடலாம். வீட்டில் தமிழ் பேசினால் ஐரிஷ் வராது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

சரி, நம் ‘மேல்’ எங்கே போயிற்று? யாரிடம் கோபமோ அவருக்கு ‘லெ’ என்ற முன்னிடைச்சொல். ‘ஓடு, உடன்’ என்று பொருள். ‘தா ஃபரக் ஒரம் லத்’ என்றால் ‘எனக்கு உன்னோடு கோபம்’. ‘லத்’ என்பதுதான் ‘உன்னோடு’. ஆக ஒரே வாக்கியத்தில் இரண்டு பேர் வருகிறார்கள்: ‘ஒரம்’ கோபப்படுகிறவர், ‘லத்’ அதை வாங்குகிறவர். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் சண்டையே திசை மாறிவிடும்.

கோபம் வருவதையும் போவதையும் நம்மைப் போலவே சொல்வார்கள். நான் கால்வேக்கு மேற்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறேன். கன்னிமாரா பக்கத்துப் பாட்டி ஒருவர், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தும், மனம் நிறைந்தால் ஐரிஷுக்கு மாறிவிடுவார். மகள் வருவதாகச் சொன்ன ஞாயிறு வரவில்லை. அடுத்த நாள் காலை தலை வாரிவிடும்போது கேட்டேன். “ஹானிக் ஃபரக் ஒரம், அகஸ் டிமி ஷீ” என்றார். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் அது போயிற்று. அந்த ‘ஷீ’யைக் கவனியுங்கள்; ‘அவள்’ என்று பொருள். ‘ஃபரக்’ பெண்பால் சொல். அதனால் கோபம் அவர் வாயில் ‘அவளாக’ வந்து ‘அவளாகவே’ போனது.

வணக்கம் அக்கா. கார்க்கில் வேலை, மாலையில் ஐரிஷ் வகுப்புக்குப் போகிறேன். ‘ஃபரகஹ்’ என்ற ஒரே பெயரடைக்குப் பாடப்புத்தகத்தில் ஏழெட்டு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். சிலவற்றில் முதல் எழுத்தே கேட்பதில்லை. எப்போது எது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

தம்பி, அட்டவணையை மூடி வையுங்கள். ‘க்லோர்’ (குரல்), ‘ஃபர்’ (ஆண்), ‘பன்’ (பெண்) என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். இவற்றை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

தமிழில் பெயரடை முன்னால் நிற்கும், எதற்கும் மாறாது. ஐரிஷில் பெயரடை பெயருக்குப் பின்னால் நிற்கும், பெயரைப் பார்த்து மாறும். கோபமான ஆண்: ‘ஃபர் ஃபரகஹ்’. கோபமான பெண்: ‘பன் அரகஹ்’. பெண்பால் ஒருமைக்குப் பின்னால் பெயரடையின் முதல் மெய் இளகும். இந்த இளக்கத்துக்கு ‘ஷேவூ’ என்று பெயர். எழுதும்போது எஃப்-ஐ அடுத்து ஒரு எச் சேர்ப்பார்கள். மற்ற எழுத்துகள் இப்படி இளகினால் வேறு ஒலியாகும். எஃப் இளகினால் அடியோடு மறைந்துவிடும். ஃபரகஹ், அரகஹ். நீங்கள் கேட்கவில்லை என்று சொன்ன எழுத்து இதுதான்.

அது ஏன் மறைகிறது? இன்றைய ஐரிஷில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ஃப ஒலி, மிகப் பழைய காலத்தில் வகரமாக இருந்தது. சொல்லின் முதலில் தனியாக நின்ற வகரம் இறுகி ஃப ஆனது. முன்சொல்லின் உயிரெழுத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வகரம் தேய்ந்து காணாமல் போனது. அந்த முன்சொல்லின் கடைசி உயிர் பின்னாளில் உதிர்ந்துவிட்டாலும், அது ஏற்படுத்திய தேய்வு மட்டும் இலக்கணமாக நின்றுவிட்டது. எனக்கு இந்த மொழியில் மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று. பழைய ஐரிஷ் அச்சு நூல்களில் எச் சேர்க்க மாட்டார்கள்; எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். தமிழ் படித்தவர்களுக்கு அந்தப் பக்கங்களைப் பார்த்தால் கண் நிற்கும். நம் புள்ளி உயிரை எடுக்கிறது, அவர்கள் புள்ளி மெய்யை இளக்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரோமன் எழுத்துக்கு மாறியபோது புள்ளி போய் எச் வந்தது.

அடுத்தது ஆறாம் வேற்றுமை. கோபமான ஆணின் குரல்: ‘க்லோர் அன் இர் அரகி’. இங்கே ‘ஃபர்’ என்பது ‘இர்’ ஆகிவிட்டது, ‘ஃபரகஹ்’ என்பது ‘அரகி’ ஆகிவிட்டது. இரண்டின் தலையும் இளகி, வாலும் மாறியிருக்கிறது. கோபமான பெண்ணின் குரல்: ‘க்லோர் ந ம்னா ஃபரகீ’. இங்கே ஃப திரும்ப வந்துவிட்டது! எழுவாயாக நிற்கும்போது பெண்பாலில் இளகியது, ஆறாம் வேற்றுமையில் இளகாது, ஆண்பால் நேர்மாறு. இரண்டும் குறுக்கே மாறி நிற்கின்றன என்று மனதில் வைத்தால் போதும். விளிக்கும்போதும் ஆண்பால் ஆறாம் வேற்றுமை வடிவமே வரும்: ‘அ இர் அரகி!’, கோபக்காரரே!

கார்க்கில் இருப்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுத்தில் ‘ஃபரகி’ என்ற வடிவத்தின் கடைசியில் ஒரு ஜி-யும் எச்-சும் இருக்கும். உங்கள் மன்ஸ்டர் வட்டார வழக்கில் அந்த ஜி உயிரோடு இருக்கிறது. அங்குள்ளவர்கள் ‘ஃபரகிக்’ என்று ககரத்தோடு முடிப்பார்கள். இங்கே மேற்கில் அது கேட்காது. அதேபோல் ‘ம்னா’ என்று எழுதியதை கன்னிமாராக்காரர்கள் ‘ம்ரா’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு பக்கமும் சரியே. உங்கள் ஆசிரியர் எந்த ஊர்க்காரரோ அவர் சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பன்மை சுலபம்: ‘ஃபரகஹா’. கோபமான பெண்கள் ‘ம்னா ஃபரகஹா’. கோபமான ஆண்கள் மட்டும் ‘ஃபிர் அரகஹா’. பன்மைப் பெயர் மெல்லிய மெய்யில், அதாவது இகரச் சாயல் உள்ள மெய்யில் முடிந்தால், பின்னால் வரும் பெயரடை இளகும். ‘ஃபிர்’ அப்படி முடிகிறது, ‘ம்னா’ உயிரில் முடிகிறது. பன்மையில் ஆறாம் வேற்றுமைக்கு வந்தால், ‘ஃபர்’, ‘பன்’ போன்ற சொற்கள் குறுகிய வடிவத்துக்குத் திரும்பும். பெயரடையும் கூடவே குறுகும். கோபமான ஆண்களின் குரல் ‘க்லோர் ந வர் ஃபரகஹ்’, கோபமான பெண்களின் குரல் ‘க்லோர் ந மன் ஃபரகஹ்’. எல்லா வேற்றுமையிலும் ஒரே பன்மை வடிவம் வைத்திருக்கும் சொற்களுக்கு, உதாரணமாக ‘தல்தீ’ (மாணவர்கள்), இந்தக் குறுகல் கிடையாது: ‘க்லோர் ந நல்தீ ஃபரகஹா’.

இவ்வளவும் பெயரோடு ஒட்டி நிற்கும்போது மட்டும். வாக்கியத்தின் பயனிலையாக வந்துவிட்டால் பெயரடை அசையாது. ‘அந்தப் பெண்கள் கோபமாக இருக்கிறார்கள்’: ‘தா ந ம்னா ஃபரகஹ்’. இங்கே ‘ஃபரகஹா’ போடக் கூடாது. ‘அவள் கோபமாக இருக்கிறாள்’: ‘தா ஷீ ஃபரகஹ்’. இளக்கமும் இல்லை, பன்மையும் இல்லை. மாலை வகுப்புகளில் விதியை நன்றாகப் படித்தவர்களே அதிகம் சறுக்கும் இடம் இது. எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்ற ஆர்வத்தில் பயனிலையையும் மாற்றிவிடுவார்கள்.

‘கோபமாகப் பேசினாள்’ என்று வினையடையாகச் சொல்ல ‘கு’ என்ற சொல் முன்னால் வரும்: ‘லவர் ஷீ கு ஃபரகஹ்’. நம் ‘ஆக’ செய்யும் வேலையை அது செய்கிறது. ‘இன்னும் கோபமாக’ என்று ஒப்பிட ‘நீஸ் ஃபரகீ’, ‘எல்லாரிலும் கோபமான’ என்பதற்கு ‘இஸ் ஃபரகீ’. பெண்பால் ஆறாம் வேற்றுமை வடிவமே இரண்டுக்கும் பயன்படுவதால் புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் பேச்சில் ‘அவருக்கு இன்னும் அதிகக் கோபம்’ என்று சொல்லப் பெயர்ச்சொல் வழிதான் இயல்பு: ‘தா நீஸ் மோ ஃபெரிகெ எர்’. ‘ஃபெரிகெ’ என்பது ‘ஃபரக்’கின் ஆறாம் வேற்றுமை, ‘எர்’ என்றால் ‘அவருக்கு’.

அப்படியானால் பெயரடை எதற்கு என்று கேட்பீர்கள். ஒருவரின் முகம், குரல், பார்வை, கடிதம் இவற்றை வர்ணிக்க அதுதான் வேண்டும். முகத்துக்குக் கோபம் ‘வராது’. முகம் கோபமாக இருக்கும். கதை எழுதுகிறவர்களும் செய்தி வாசிப்பவர்களும் ஒரு நாளைக்குப் பலமுறை இந்தப் பெயரடையைத் தொடுவார்கள். சமையலறையில் பிள்ளையைத் திட்டும் தாய்க்கு அது தேவைப்படுவதில்லை.

என்னோடு வேலை செய்பவர் பெயர் ஃபெர்கஸ். ரொம்ப சாதுவான மனிதர். ‘ஃபரக்’ என்றால் கோபம் என்று போன இதழில் படித்ததும், இவர் பெயருக்குக் ‘கோபக்காரர்’ என்று பொருளோ என்று சந்தேகம்.

இல்லை. அந்தப் பெயர் ‘ஃபர்’, ‘குஸ்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. ‘ஃபர்’ ஆண், ‘குஸ்’ ஊக்கம், வலிமை. கோபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொடக்க ஒலி ஒன்றாக இருப்பதால் வரும் மயக்கம். ஃபெர்கல் என்ற பெயரும் இதே மாதிரிதான், ‘ஃபர்’ரோடு ‘கல்’ (தீரம்) சேர்ந்தது. அந்த ‘ஃபர்’ நமக்கு அந்நியமும் இல்லை. மேலே சொன்ன பழைய வகரத்தை முன்னால் வைத்துப் பாருங்கள். லத்தீனில் ஆணைக் குறிக்கும் ‘விர்’, சமஸ்கிருத ‘வீர’, ஐரிஷ் ‘ஃபர்’ மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. நாம் தமிழில் எடுத்துக்கொண்ட ‘வீரன்’ அந்த ‘வீர’தான். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், மகிழ்ச்சியடைவார்.

லேசான கோபம், கடும் கோபம் என்று வித்தியாசமாகச் சொல்லச் சொற்கள் உண்டா?

நிறைய உண்டு. நான் கேட்டுப் பழகியதில் சில மட்டும் சொல்கிறேன். சிடுசிடுப்பானவரை ‘கண்டலஹ்’ என்பார்கள். தூக்கம் கலைந்த குழந்தைக்கும் இது பொருந்தும். பெரிய கோபத்துக்கு ‘ஃபரக் வோர்’. கோபம் பெண்பால் என்பதால் பெரிய என்ற ‘மோர்’ இளகி ‘வோர்’ ஆகிவிட்டது. அதையும் தாண்டினால் ‘எர் புயில’. ‘புயில’ என்றால் வெறி, பித்து. இன்னும் ஏற்ற வேண்டுமானால் முன்னால் சிவப்பைக் குறிக்கும் ‘ஜரக்’கைச் சேர்த்து ‘எர் ஜரக்வுயில’ என்பார்கள். இதற்கு மேல் ஒருவருக்குக் கோபம் வர இடமில்லை.

கன்னிமாராவில் ‘ஒல்க்’ என்ற சொல்லையும் நிறையக் கேட்பீர்கள். வழக்கமாகக் ‘கெட்டது, தீமை’ என்று பொருள் தரும் சொல். ஆனால் ‘ஹிர் ஷே ஒல்க் ஒரம்’ என்றால் ‘அவன் எனக்குக் கோபமூட்டினான்’. தீமை செய்தான் என்று எடுத்துக்கொண்டு பதறிவிடாதீர்கள். எங்கள் இல்லத்தில் பெரியவர் ஒருவர் தேநீரில் சர்க்கரை போட மறந்ததற்கே இதைச் சொல்வார்.

பிள்ளையிடம் ‘கோபப்படாதே’, ‘என்னிடம் கோபமா?’ என்று ஐரிஷில் எப்படிச் சொல்வது? ஒரு வரியில் போதும்.

‘நா பீஹ் ஃபரக் ஒர்த்’ என்றால் கோபப்படாதே. சொல்லுக்குச் சொல், ‘உனக்குக் கோபம் இருக்க வேண்டாம்’. ‘அன் வில் ஃபரக் ஒர்த் லியம்?’ என்றால் உனக்கு என்னோடு கோபமா? பதிலுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று தனிச்சொல் ஐரிஷில் கிடையாது, வினைச்சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘தா’ என்றால் இருக்கிறது, ‘நீல்’ என்றால் இல்லை. ‘நீல்’ வந்தால் நிம்மதி.

‘ஃபரகி’ என்ற வடிவத்தை அகராதியில் தேடினால் ‘கோபமூட்டு’ என்று வினைச்சொல்லாகக் காட்டுகிறதே? எது சரி?

இரண்டும் சரி. ஆண்பால் ஆறாம் வேற்றுமைப் பெயரடையும், ‘கோபமூட்டு’ என்ற ஏவல் வினையும் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அகராதிகள் தலைச்சொல்லை மட்டும் காட்டுவதால் வினை முதலில் வந்துவிடுகிறது. முன்னால் ஆண்பால் பெயர் ஆறாம் வேற்றுமையில் நின்றால் அது பெயரடை. வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்றால் பெரும்பாலும் வினை. ஐரிஷில் வினைதான் முதலில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நீல் ஓ டோனல் தொகுத்து 1977-ல் வந்த பெரிய ஐரிஷ்–ஆங்கில அகராதியை ‘டெங்லன்’ என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் இலக்கணத்துக்குத் தனிப் பகுதி உண்டு. அங்கே ‘ஃபரகஹ்’ என்று தேடினால் நான் மேலே சொன்ன வடிவங்கள் வேற்றுமை வாரியாக வரும். உச்சரிப்புப் பகுதியில் கானக்ட், மன்ஸ்டர், அல்ஸ்டர் என்று மூன்று வட்டாரங்களின் குரலும் இருக்கிறது. மூன்றையும் கேட்டுவிட்டு, உங்கள் வகுப்பில் பேசும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.